வட நோர்வேயில் மேன்முறையீடு: ஹோலோகாலண்ட் நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

கேள்வியின் சாரம் இது: ஃபின்மார்க் கரையோர ஊர் ஒன்றில் வசிக்கும் தமிழர் ஒருவருக்கு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு பாதகமாக வந்திருக்கிறது. மேன்முறையீடு எங்கே போகும்? எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும்? அங்கே தமிழில் பேசலாமா? வடக்கின் பழங்குடியினரான சாமி மக்களுக்கு மட்டும் தனி மொழி உரிமை உண்டு என்கிறார்களே, அது என்ன?

நாள் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அது தவறினால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. குற்றவியல் வழக்கில் அவகாசம் இரண்டு வாரம்தான். தீர்ப்பு சொல்லப்படும்போது குற்றம்சாட்டப்பட்டவர் மன்றில் இருந்தால் அன்றிலிருந்து எண்ணுவார்கள்; இல்லாவிட்டால் தீர்ப்பு முறைப்படி கையளிக்கப்பட்ட நாளிலிருந்து. உரிமையியல் வழக்கில், தீர்ப்பு கையளிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். தெரிந்தவருக்கு வீட்டு வழக்கில் ஒரு மாதம் கிடைத்தது என்று கேள்விப்பட்டு, தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்றவர் மூன்றாம் வாரத்தில் சட்டத்தரணியைத் தேடினால் காலம் கடந்திருக்கும். தாமதத்துக்கு அவரைக் குறைசொல்ல முடியாது என்று நீதிமன்றம் கருதினால் ஏற்றுக்கொள்ள இடமுண்டு. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

குற்றவியல் மேன்முறையீட்டை எழுத்திலும் தெரிவிக்கலாம், வாயாலும் தெரிவிக்கலாம். தீர்ப்பு வாசித்து முடித்ததும் அங்கேயே சொல்லிவிடலாம். தடுப்புக் காவலில் இருப்பவர் சிறை வழியாகவே தெரிவிக்கலாம். எதை எதிர்க்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சான்றுகளை எடைபோட்ட விதம் பிழையா, சட்டத்தைப் பொருத்திய விதம் பிழையா, தண்டனை அதிகமா, விசாரணை நடந்த முறையில் குறையா என்ற நான்கில் எது என்பதைப் பொறுத்தே பின்னால் நடப்பது எல்லாம் மாறும். “நான் குற்றம் செய்யவில்லை” என்பவர் தண்டனையை மட்டும் எதிர்த்துப் பத்திரம் கொடுத்தால், குற்றவாளி என்ற முடிவு அப்படியே நின்றுவிடும். உரிமையியலில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். மேன்முறையீட்டுப் பத்திரத்தை, மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் ட்ரொம்சோ நகரத்துக்கு அனுப்பக் கூடாது. தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றத்திடமே கொடுக்க வேண்டும். அவர்கள் எதிர்த்தரப்பின் பதிலை வாங்கிச் சேர்த்து மேலே அனுப்புவார்கள்.

மேலே என்றால் ட்ரொம்சோவில் இருக்கும் ஹோலோகாலண்ட் லாக்மன்ஸ்ரெட். நோர்வேயில் இத்தகைய பிராந்திய மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் ஆறு உண்டு. வடக்குக்கு இது ஒன்றுதான். நூர்லான்ட், ட்ரொம்ஸ், ஃபின்மார்க் ஆகிய மூன்று மாவட்டங்களும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டமும் இதன் கீழ் வருகின்றன. நிலப்பரப்பு நோர்வே பெருநிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. மக்களோ ஐந்து இலட்சத்துக்கும் குறைவு. கீழே ஆறு மாவட்ட நீதிமன்றங்கள்: ஹெல்கெலான்ட், சால்டன்–லொஃபோட்டன், மத்திய ஹோலோகாலண்ட், வட ட்ரொம்ஸ்–செனியா, மேற்கு ஃபின்மார்க், உள்–கிழக்கு ஃபின்மார்க். ஸ்வால்பார்ட்டுக்குத் தனி நீதிமன்றம் கிடையாது. அங்கே நோர்வேயின் குற்றவியல் சட்டமும் உரிமையியல் சட்டமும் செல்லும். வழக்குகள் வட ட்ரொம்ஸ்–செனியா நீதிமன்றத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கே ஏறும்.

இந்த நீதிமன்றத்தைப் பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கச் சொன்னால் நான் சொல்வது இதுதான்: சாட்சியை நேரில் கேட்டு முடிவெடுக்கும் கடைசி இடம் இது. ஓஸ்லோவில் இருக்கும் உச்ச நீதிமன்றம் குற்றவியல் வழக்கில் “குற்றம் நிரூபணமானதா” என்ற கேள்வியைச் சான்றுகளின் அடிப்படையில் மறுபடி பார்ப்பதில்லை. சட்ட விளக்கம், விசாரணை முறை, தண்டனையின் அளவு ஆகியவற்றோடு நின்றுவிடும். ஆகவே யார் எங்கே நின்றார், யார் முதலில் அடித்தார், எந்த மேய்ச்சல் நிலத்தை யார் எத்தனை தலைமுறையாகப் பயன்படுத்தினார் என்பதெல்லாம் ட்ரொம்சோவில் என்ன பதிவாகிறதோ அதுவாகவே பெரும்பாலும் நிலைக்கும். மொழியும் தூரமும் இங்கே இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

குற்றத்தையே மறுத்துச் செய்யும் மேன்முறையீடு ஏற்கப்பட்டால் வழக்கு முழுவதும் புதிதாக நடக்கும். வழக்குத்தொடுநர் தொடக்கத்திலிருந்து விளக்குவார். குற்றம்சாட்டப்பட்டவரும் சாட்சிகளும் மறுபடி பேசுவார்கள். தீர்மானிப்பவர்கள் ஏழு பேர்: சட்டம் படித்த நீதிபதிகள் இருவர், பொதுமக்களிலிருந்து வரும் நீதிபதிகள் ஐவர். குற்றவாளி என்று முடிவு செய்ய ஏழில் ஐந்து வாக்கு வேண்டும். முன்பு பாரதூரமான வழக்குகளில் பத்துப் பேர் கொண்ட ஜூரி இருந்தது. காரணம் சொல்லாமல் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். 2018 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது ஒழிந்தது. இப்போது தீர்ப்பில் காரணங்கள் எழுத்தில் வரும். அடுத்த கட்டத்தில் முறைக் குறையைச் சுட்டிக்காட்ட விரும்புபவருக்கு இது பெரிய உதவி.

பொதுமக்கள் நீதிபதிகள் ஐவரும் வழக்குக் கோப்பைப் படித்துவிட்டு வருவதில்லை. மன்றில் காதால் கேட்பதும் கண்ணால் பார்ப்பதும்தான் அவர்களுக்கு வழக்கு. “கீழ் நீதிமன்றத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டேனே” என்று சுருக்கமாகப் பதில் சொல்வது பலர் செய்யும் தவறு. இந்த ஏழு பேருக்கும் நீங்கள் அன்றுதான் முதல்முறை பேசுகிறீர்கள். கீழே சொன்னதற்கும் இங்கே சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் வழக்குத்தொடுநர் அதைப் பிடிப்பார். கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் உங்கள் வாக்குமூலம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைத் தமிழில் வாசித்து அறிந்துகொண்டு போவது அவசியம்.

ஆனால் எல்லா மேன்முறையீடும் விசாரணைக்குப் போகாது. முதலில் ஒரு வடிகட்டல் இருக்கிறது. ஆறு ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் குற்றம்சாட்டப்பட்டவரின் மேன்முறையீட்டை எளிதில் தள்ள முடியாது. மற்றவற்றில், வெற்றி பெறாது என்பது தெளிவாகத் தெரிந்தால் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக மறுக்கலாம். மறுப்புக்குக் காரணம் எழுத வேண்டும். முன்பு காரணம் எழுதாமலே மறுத்துவந்தார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழு அதைத் தவறென்று சொன்ன பிறகு, 2008 முதல் நிலைமை மாறியது. உரிமையியலில் வழக்கின் மதிப்பு 250,000 குரோனருக்குக் கீழே இருந்தால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் இருந்தாலும், வெல்ல வாய்ப்பில்லை என்று தெளிவாகத் தோன்றினால் மறுக்கலாம். ஆனால் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த முன்னறிவிப்புக் கடிதம் வந்தால் அதைத் தீர்ப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பதில் எழுதுவதற்கான வாய்ப்பு அது. பத்திரத்தில் பொதுப்படையாகத் திட்டி எழுதியிருந்தால், எந்தச் சாட்சியம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, எந்த ஆவணம் விடுபட்டது என்று குறிப்பாக எழுதித் திருத்திக்கொள்ளலாம்.

எங்கள் சமூகத்தில் மிகுந்த மனவேதனையோடு கேட்கப்படும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுவர் பாதுகாப்பு வழக்குகளில் வழி இன்னும் குறுகியது. முதலில் குழு ஒன்றின் முடிவு, பிறகு மாவட்ட நீதிமன்றம். அதற்குப் பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதி இருந்தால்தான் மேலே போகலாம். அந்த வழக்கைத் தாண்டியும் பொருள்படும் சட்டக் கேள்வி இருக்க வேண்டும், அல்லது புதிய தகவல் வந்திருக்க வேண்டும், அல்லது தீர்ப்பிலோ விசாரணை முறையிலோ கணிசமான குறை இருக்க வேண்டும், அல்லது குழு ஒப்புக்கொள்ளாத கட்டாய நடவடிக்கை ஒன்றை நீதிமன்றம் விதித்திருக்க வேண்டும். “தீர்ப்பு அநியாயம்” என்பது மட்டும் போதாது. ஆகவே இத்தகைய வழக்கில் முழுப் பலத்தையும் மாவட்ட நீதிமன்றத்திலேயே செலுத்த வேண்டும். மொழிபெயர்ப்பு சரியில்லை என்றால் அங்கேயே, அப்போதே சொல்லிப் பதிவுசெய்யுங்கள். பதிவான முறைக் குறை பின்னால் அனுமதிக்கு உதவும்.

இனி மொழி. வட நோர்வே ஒரே மொழி பேசும் பகுதி என்று நினைப்பது பிழை. வட சாமி, லூலே சாமி, தென் சாமி என்ற மூன்று சாமி மொழிகள் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் பேசப்படுகின்றன; ஒன்றைப் பேசுபவருக்கு மற்றது எளிதில் புரியாது. வட ட்ரொம்சிலும் ஃபின்மார்க்கிலும் பின்லாந்து வம்சாவளியினரான க்வேன் மக்கள் இருக்கிறார்கள். ரஷ்யர்கள், தாய்லாந்துக்காரர்கள், பிலிப்பினோக்கள் உண்டு. 1980களிலிருந்து மீன் தொழிற்சாலை வேலைக்காக ஃபின்மார்க் கரையோரத்தில் குடியேறிய ஈழத் தமிழர்களும் அவர்களில் ஒரு பகுதி.

சாமி மக்களின் உரிமை 1987 ஆம் ஆண்டின் சாமிச் சட்டத்தில் இருக்கிறது. ஆல்த்தா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து எழுந்த போராட்டமே அந்தச் சட்டத்துக்கும் 1989இல் கூடிய சாமி நாடாளுமன்றத்துக்கும் வழிவகுத்தது. சாமி நிர்வாகப் பகுதியை, அதாவது சாமி மொழிக்கும் நோர்வீஜியனுக்கும் சம இடமுள்ள ஊராட்சிகளை, முழுதாகவோ பகுதியாகவோ உள்ளடக்கிய எல்லா நீதிமன்றங்களுக்கும் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அத்தியாய விதிகள் பொருந்தும்; ட்ரொம்சோ நீதிமன்றமும் அதில் சேரும். வழக்குப் பத்திரத்தையும் எழுத்துச் சான்றுகளையும் சாமியில் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. மன்றில் சாமியில் பேசலாம். ஒரு தரப்பு கேட்டால் விசாரணை மொழியையே சாமியாக ஆக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நோர்வீஜியன் நன்றாகத் தெரிந்தவருக்கும் இந்த உரிமை உண்டு. முக்கியமான வேறுபாடு இதுதான். சாமிக்காரருக்கு இது உரிமை. மொழி தெரியாததால் கொடுக்கப்படும் உதவி அல்ல. பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் பல தலைமுறைகள் தம் மொழியைப் பேசத் தடுக்கப்பட்ட மக்களுக்கு இந்த அளவாவது செய்யத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறை இதற்கு ஈடுகொடுப்பதில்லை. தானாவில் 2004இல் உள் ஃபின்மார்க்குக்கென மாவட்ட நீதிமன்றம் அமைக்கப்பட்டது. சாமியிலேயே வழக்கு நடத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. இப்போது அது உள்–கிழக்கு ஃபின்மார்க் நீதிமன்றத்தின் பகுதி. அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேரடியாகச் சாமியில் பேசிய சாட்சி, மேன்முறையீட்டில் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச நேரலாம். ஏழு பேர் அமரும் ஆயத்தில் ஏழு பேருக்கும் சாமி தெரிந்திருப்பது எளிதல்ல. தகுதிபெற்ற சாமி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு. லூலே, தென் சாமிக்கு இன்னும் குறைவு. ஆகவே பலர் “சரி, நோர்வீஜியனிலேயே சொல்லிவிடுகிறேன்” என்று விட்டுக்கொடுக்கிறார்கள். சாமி மக்கள் மந்தையாக மேய்க்கும் ரெயின்டீர் என்ற பனிமான்கள் பற்றிய வழக்கில் அப்படி விட்டுக்கொடுப்பது பெரும் இழப்பு. விலங்கின் வயது, பால், கொம்பு, பனியின் தன்மை, மேய்ச்சல் குழுவின் உள் ஏற்பாடு ஆகியவற்றுக்குச் சாமியில் துல்லியமான சொற்கள் இருக்கின்றன. நோர்வீஜியனில் பேசும்போது அந்தத் துல்லியம் போய்விடும். வழக்கில் வரக்கூடிய சொற்களின் பட்டியலை, விளக்கத்தோடு, முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்துவிடுவது நல்ல சட்டத்தரணிகளின் வழக்கம். க்வேன் மொழிக்கு 2005இல் தனி மொழி என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் நீதிமன்றத்தில் சாமிக்கு உள்ள உரிமை அதற்கு இல்லை.

தமிழருக்கு உள்ளது பொது விதி. விசாரணையில் பங்கெடுப்பவருக்கு நோர்வீஜியன் தெரியாவிட்டால் நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும். குற்றவியல் வழக்கில் செலவு அரசினுடையது. கடையிலும் வேலையிடத்திலும் சமாளிக்கிற அளவு மொழி தெரிந்தவர்கள் “வேண்டாம்” என்று சொல்லிவிடுவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. குறுக்கு விசாரணையில் கேட்கப்படும் கேள்வியின் உள்நோக்கம் புரிய அந்த மொழி போதாது. கேளுங்கள், தயங்காதீர்கள். 2022 முதல் நடைமுறையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி பொது நிறுவனங்கள் தகுதியானவரையே அமர்த்த வேண்டும். தேசியப் பதிவேட்டில் அவர்கள் தகுதிப்படி பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். மகனையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போய்ச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஈழத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்றால் அதையும் முன்பே எழுதித் தெரிவியுங்கள்; பேச்சு வழக்கின் வேறுபாட்டால் கருத்து மாறிவிடும் இடங்கள் உண்டு. நோர்வேத் தமிழரில் பெரும்பாலோர் ஓஸ்லோ, பேர்கன் பக்கம் இருப்பதால் மொழிபெயர்ப்பாளரும் அங்கிருந்தே வர வேண்டியிருக்கும், அல்லது வீடியோவில் இணைவார். வீடியோ என்றால் சத்தம் தெளிவாகக் கேட்கிறதா என்று விசாரணை தொடங்குமுன் சோதிக்கச் சொல்லுங்கள். வசனம் வசனமாக மொழிபெயர்த்தால் ஒரு சாட்சிக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கும். நேர ஒதுக்கீட்டைக் கேட்டு நீதிமன்றம் எழுதும்போது சட்டத்தரணி இதைச் சொல்லாவிட்டால், கடைசிச் சாட்சிக்கு அரை மணி நேரம்தான் மிஞ்சும்.

தூரம் அடுத்த சிக்கல். ட்ரொம்சோவிலிருந்து வாட்சோவுக்குத் தரைவழி சுமார் 800 கிலோமீற்றர். குளிர்காலத்தில் மலைச் சாலைகள் மூடப்படும், அல்லது பனி அகற்றும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் போக விடுவார்கள். சிறிய ஓடுபாதைகளில் இறங்கும் விமானங்கள் காற்று மாறினால் ரத்தாகும். இதனால் ஹோலோகாலண்ட் நீதிமன்றம் எல்லோரையும் ட்ரொம்சோவுக்கு அழைப்பதில்லை. பூடோ போன்ற ஊர்களுக்கும் ஃபின்மார்க்குக்கும் நீதிபதிகள் போய் அமர்வதுண்டு. எங்கே அமரும் என்பது இயல்பாக முடிவாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். சாட்சிகளில் பெரும்பாலோர் கிழக்கு ஃபின்மார்க்கில் இருந்தால், அதைக் காரணமாகக் காட்டி அங்கே அமரும்படி கேட்கலாம். முக்கிய சாட்சி விசாரணைக்கு முந்திய நாளே வந்து தங்குவது நல்லது. காலை விமானத்தை நம்பி வந்தவர் வராமல் போய் வழக்கு தள்ளிப்போனால், அடுத்த தேதி பல மாதம் கழித்துத்தான் கிடைக்கும்.

தேதி குறிப்பதிலும் வடக்குக்கென ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மேய்ப்பர்கள் மந்தையோடு கரையை நோக்கி நகர்வார்கள். ரெயின்டீர்கள் கன்று ஈனும் காலம் அது. இலையுதிர் காலத்தில் மந்தையைப் பிரிப்பதும் இறைச்சிக்கு அறுப்பதும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை லொஃபோட்டன் கடலில் கொட் மீன்பிடி. படகுக்காரரை அப்போது கரையில் பிடிப்பது கடினம். தேதி கேட்டுக் கடிதம் வந்த உடனே இவற்றை எழுதிவிட வேண்டும். தேதி குறித்த பிறகு மாற்றக் கேட்டால் கேட்பவருக்கே சிரமம்.

இங்கே பதிவாகும் உண்மைக்கும் மேலே வரும் முடிவுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கு போதும். ஓர் இளம் சாமி மேய்ப்பர் தன் மந்தையை 75 ரெயின்டீராகக் குறைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அந்த எண்ணிக்கையில் வாழ்க்கை நடத்த முடியாது, இது ஒரு சிறுபான்மையின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்பது அவர் வாதம். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார்; 2017இல் ஹோலோகாலண்ட் நீதிமன்றத்திலும் வென்றார்; அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 4–1 என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அவருடைய பிழைப்பைப் பற்றிய சான்றுகள் கீழே இரண்டு இடங்களிலும் நன்றாகவே பதிவாகியிருந்தன. தோற்றது சட்டப் பொருள்கோடலில். மாறாக, கீழே உண்மைகள் சரியாகப் பதிவாகாமல் போனால் மேலே வாதாடவே ஒன்றும் மிஞ்சாது.

கடல் வழக்கும் வரும். ஸ்வால்பார்ட் அருகே நோர்வேயின் அனுமதியில்லாமல் பனி நண்டு பிடித்ததற்காக 2017 ஜனவரியில் செனட்டர் என்ற லாத்வியக் கப்பல் பிடிபட்டது. கிழக்கு ஃபின்மார்க் மாவட்ட நீதிமன்றம் தண்டம் விதிக்க, ஹோலோகாலண்ட் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய, 2019 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 1920 ஆம் ஆண்டு ஸ்வால்பார்ட் உடன்படிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்று ஐரோப்பா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த வழக்கு அது.

ஒன்று மட்டும் இங்கே வராது: ஃபின்மார்க்கின் பொது நிலம் யாருடையது என்ற வழக்கு. 2005 ஆம் ஆண்டு ஃபின்மார்க் சட்டம் அதற்குத் தனி ஆணைக்குழுவையும் தனி நீதிமன்றத்தையும் அமைத்தது. அந்தத் தனி நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்தால் நேரே உச்ச நீதிமன்றம்தான். கராஷோக் நில வழக்கு அப்படித்தான் போனது: 2023இல் ஊர் மக்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை 2024இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. நிலப் பங்கீட்டு நீதிமன்றத்தின் எல்லைத் தகராறுகள் வேறு வகை. அவற்றின் மேன்முறையீடு ட்ரொம்சோவுக்கு வருகிறது.

கேட்டவரின் வழக்கு உரிமையியல் என்றால் செலவையும் கணக்கிட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் செலவும் பெரும்பாலும் தலையில் விழும். வருமானம் குறைந்தவருக்கு அரச சட்ட உதவி உண்டு; அதற்கு விண்ணப்பித்துவிட்டால் மேன்முறையீட்டு அவகாசம் நிற்கும் என்று நினைக்காமல், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். குற்றவியலில் விசாரணைக்கு அரச செலவில் சட்டத்தரணி கிடைப்பார். ஆனால் வழக்குத்தொடுநரும் தண்டனை போதாது என்று மேன்முறையீடு செய்யலாம். செய்தால் தண்டனை கூடவும் வாய்ப்பிருக்கிறது. பத்திரம் கொடுக்குமுன் சட்டத்தரணியிடம் இதை நேராகக் கேளுங்கள். ட்ரொம்சோ தீர்ப்புக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தின் தெரிவுக் குழு அனுமதித்தால்தான் வழக்கு அங்கே எடுக்கப்படும். அதற்கான அவகாசமும் முன்போலவே குற்றவியலுக்கு இரண்டு வாரம், உரிமையியலுக்கு ஒரு மாதம்.